வைப்பாற்று முகம் முதல் ஆழ்கடல் வரை: கடல் மண்டலங்களும் உயிர்களின் தகவமைப்பும்

1. மண்டலங்களைப் பிரிப்பவை

கடல் மேலிருந்து அடிவரை ஒரே தன்மையுள்ள நீர்ப்பரப்பு அன்று. கரையிலிருந்து விலக விலகவும், மேற்பரப்பிலிருந்து இறங்க இறங்கவும் ஒளி, அழுத்தம், வெப்பம், உப்பு, உயிர்வளி, உணவு ஆகிய ஆறும் மாறிக்கொண்டே போகின்றன. இவற்றுள் ஏதேனும் ஒன்று பெரிய அளவில் மாறும் இடம் ஒரு மண்டலத்தின் எல்லையாகிறது. ஒரு கடலுயிரின் உடலமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், அது வாழும் மண்டலத்தில் எது பற்றாக்குறை என்று முதலில் பார்க்க வேண்டும். அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டும் வகையில்தான் ஓடும் செவுளும் கண்ணும் நிறமும் இனப்பெருக்க முறையும் அமைந்திருக்கின்றன. ஈடுகட்டுவதற்காக அவ்வுயிர் வேறொன்றை விட்டுக்கொடுத்தும் இருக்கும். எதைப் பெற்றது, எதை விட்டது என்ற இந்தக் கணக்கே தகவமைப்பு எனப்படுகிறது.

கடல், புவிப்பரப்பில் ஏறத்தாழ 71 விழுக்காட்டை மூடியிருக்கிறது. அதன் சராசரி ஆழம் சுமார் 3,700 மீட்டர். அறிவியலார் அதனை இரண்டு வகையாகப் பகுக்கின்றனர். ஒன்று, நீரில் நீந்தியும் மிதந்தும் வாழும் உயிர்களுக்குரிய நீர்வெளி. மற்றொன்று, அடியில் ஒட்டியும் புதைந்தும் ஊர்ந்தும் வாழும் உயிர்களுக்குரிய கடல்தரை. நீர்வெளி ஆழத்தைக் கொண்டு ஐந்தாகப் பிரிகிறது: 200 மீட்டர் வரை வெளிச்ச மண்டலம், 1,000 மீட்டர் வரை அந்தி மண்டலம், 4,000 மீட்டர் வரை இருள் மண்டலம், 6,000 மீட்டர் வரை பேராழ மண்டலம், அதற்கும் கீழே அகழி மண்டலம்.

இம்மண்டலங்களை வரிசையாகக் காண, உள்நாட்டில் விருதுநகர் மாவட்டத்திலுள்ள ஆனைக்குட்டத்திலிருந்தே தொடங்கலாம். ஆனைக்குட்டம் நீர்த்தேக்கத்தில் தேங்கும் அர்ச்சுனா ஆற்று நீர், நிரம்பி வழியும் ஆண்டுகளில், இருக்கன்குடியில் வைப்பாற்றோடு கலந்து, விளாத்திகுளம் பக்கமாகச் சென்று, வைப்பார், சிப்பிகுளம் ஊர்களுக்கருகே மன்னார் வளைகுடாவில் விழுகிறது. அந்நீர் போகும் திசையிலேயே கழிமுகமும், ஓதம் ஏறி வற்றும் கரையும், பவளத்தீவுகளும், முத்துச்சிப்பிப் பார்களும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அவற்றைத் தாண்டினால் கண்டத்திட்டு முடிந்து, அடித்தரை ஆயிரம் மீட்டருக்கும் கீழே சரிந்து இறங்குகிறது. இவ்வுரை அந்த வரிசையைப் பின்பற்றுகிறது.

2. கழிமுகம்: உப்பின் ஏற்ற இறக்கம்

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. வைப்பாறு போன்ற மானாவாரி நாட்டு ஆறுகளின் முகத்தில் இந்த அளவு நிலையாக இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் வந்தால் கழிமுகம் நன்னீராகிறது. கோடையில் ஆறு வறண்டுவிட, தேங்கிய நீர் வெயிலில் வற்றிக் கடலைவிட அதிகமாகக் கரிக்கிறது. வேம்பார் முதல் தூத்துக்குடி வரை உப்பளங்கள் நிறைந்திருப்பதற்கு இந்த வெயிலே காரணம். கழிமுகத்தில் உணவுக்குக் குறைவில்லை. நிலையான உப்பளவுதான் இல்லை.

கடலில் வாழும் எலும்பு மீனின் உடல்நீர் கடல்நீரைவிட உப்புக் குறைந்தது. ஆகவே அதன் உடலிலிருந்து நீர் ஓயாமல் வெளியேறிக்கொண்டிருக்கும். அதை ஈடுசெய்ய மீன் கடல்நீரைக் குடிக்கிறது. மிகுதியான உப்பைச் செவுளிலுள்ள தனி உயிரணுக்கள் வழியாக வெளியேற்றுகிறது. நன்னீர் மீனின் நிலை இதற்கு நேர்மாறு. அதன் உடலுக்குள் நீர் புகுந்துகொண்டே இருப்பதால் அது நீர் குடிப்பதில்லை. ஏராளமாகச் சிறுநீர் கழிக்கிறது. மடவை, கொடுவா போன்ற கழிமுக மீன்கள் இந்த இரண்டு முறைகளையும் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ள வல்லவை. கொடுவா கடல்முகத்தில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் கழிமுகத்திலும் ஆற்றிலும் வளர்கின்றன. பெரும்பாலான கொடுவாக்கள் முதலில் ஆணாக முதிர்ந்து, பருத்த பின் பெண்ணாக மாறுகின்றன. உடல் பெரிதானால்தான் இலட்சக்கணக்கில் முட்டை தாங்க முடியும் என்பதால் இந்த மாற்றம் பயன் தருகிறது. சுறாக்கள் வேறொரு வழியைக் கையாள்கின்றன. யூரியாவை இரத்தத்திலேயே தேக்கி வைத்து, உடல்நீரின் செறிவைக் கடல்நீருக்குச் சமமாக்கிக்கொள்கின்றன.

விலாங்கு இவற்றினும் நெடுந்தொலைவு போவது. அது ஆறுகளிலும் குளங்களிலும் பல ஆண்டுகள் வளர்ந்து, முட்டையிடுவதற்காக மட்டும் ஆழ்கடலை நாடிச் செல்கிறது. கண்ணாடி போன்ற அதன் குஞ்சுகள் நீரோட்டத்தில் வந்து ஆற்று முகங்களில் ஏறுகின்றன. அணையும் தடுப்பணையும் உள்ள ஆறுகளில் இந்த இரு பயணங்களுமே தடைப்படுகின்றன.

தாமிரபரணி கடலைச் சேரும் புன்னைக்காயல் பகுதியில் அலையாத்திச் செடிகள் உள்ளன. கழிமுகச் சேற்றில் ஒரு விரற்கடைக்குக் கீழே உயிர்வளி அற்றுப்போகிறது. ஆகவே வெண்கண்டல் தன் வேர்களிலிருந்து எழுதுகோல் பருமனுள்ள முளைகளைச் சேற்றுக்கு மேலே செங்குத்தாக அனுப்பிக் காற்று வாங்குகிறது. உறிஞ்சிய உப்பை இலைகளின் சுரப்பிகள் வழியாகக் கசியவிடுகிறது. வெயிலேறிய பின் அந்த இலையை நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும்.

3. ஓதக் கரை: நாளுக்கு இருமுறை வறட்சி

மன்னார் வளைகுடாவின் ஓதம் சிறியது. ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே நீர்மட்டம் ஒரு மீட்டர்கூட மாறுவதில்லை. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் அது பத்து மீட்டரை எட்டும். ஆயினும் இந்தச் சிறு இடைவெளியில் வாழும் உயிர்கள் நாளுக்கு இருமுறை நீரை இழந்து வெயிலுக்கும் காற்றுக்கும் முகங்கொடுக்க வேண்டியிருக்கிறது. அலையின் அடியும் ஓயாது விழும்.

துறைமுகத் தூண்களிலும் படகின் அடிப்புறத்திலும் சொரசொரப்பாக ஒட்டியிருக்கும் கொட்டலசு இதற்குச் சிறந்த சான்று. சுண்ணாம்பு ஓடு இருந்தாலும் அது சிப்பியினம் அன்று. இறாலுக்கும் நண்டுக்கும் உறவான உயிர். அதன் இளவுயிரி சில வாரங்கள் கடலில் மிதந்து திரியும். பின்னர் தன் உணர்கொம்புகளால் பாறையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, தன்னினம் ஏற்கெனவே ஒட்டியுள்ள இடமாகத் தேர்ந்து, தலையைப் பசைபோட்டு ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு சாகும்வரை இடம்பெயராது. ஒட்டிய தலையைச் சுற்றிக் கூம்பு வடிவில் ஓட்டை எழுப்பி, உச்சியில் கதவுபோல் சிறு தகடுகளை அமைக்கும். நீர் ஏறியதும் தகடுகள் திறக்கும். இறகு போன்ற ஆறு இணைக் கால்கள் வெளியே நீண்டு, நீரை வாரி, மிதவை உயிரிகளை வாய்க்குள் தள்ளும். நீர் வற்றியதும் தகடுகள் இறுக மூடிக்கொள்ளும். உள்ளே மிஞ்சிய சில துளி நீரே அடுத்த ஏற்றம் வரை அதைக் காக்கிறது. நகர முடியாமையை விலையாகக் கொடுத்து அது பாதுகாப்பைப் பெற்றிருக்கிறது.

மணற்கரையில் ஒட்டிக்கொள்ள இடமில்லை. அங்கே புதைவதே தற்காப்பு. அலை ஏறி இறங்கும் விளிம்பில் முட்டை வடிவச் சிறு நண்டுகள், அலை திரும்புமுன் பின்புறமாக மணலுக்குள் இறங்கி, உணர்கொம்புகளை மட்டும் வெளியே நீட்டி, வடியும் நீரிலிருந்து உணவைச் சலித்தெடுக்கின்றன. அதற்கு மேலே உலர்மணலில் வளை தோண்டும் நண்டுகள் காற்றில் சுவாசிப்பவை. செவுளை நனைத்துக்கொள்ள மட்டும் நீர்விளிம்புக்கு வந்து போகும்.

4. ஆழமற்ற கடல்: பவளமும் கடற்புல்லும்

தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையுள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த 560 சதுர கிலோமீட்டரையும் 1986-இல் தமிழக அரசு மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. இத்தீவுகள் தூத்துக்குடி, வேம்பார், கீழக்கரை, மண்டபம் என நான்கு தொகுதிகளாக உள்ளன. வைப்பாற்று முகத்தை அடுத்தவை வேம்பார்த் தொகுதியின் நல்லதண்ணி, உப்புத்தண்ணி, புழுவினிச்சல்லி ஆகிய மூன்றும் ஆகும்.

வெப்பக்கடலின் தெளிந்த நீரில் ஒளி நிறைய உண்டு, சத்துப்பொருள் குறைவு. நீர் தெளிவாக இருப்பதே அதில் மிதவை உயிரிகள் மிகுதியாக இல்லை என்பதன் அடையாளம். இந்தப் பற்றாக்குறைக்குப் பவளவுயிரி கண்ட விடை, கூட்டு வாழ்க்கை. சில மில்லிமீட்டரே உள்ள அதன் மெல்லுடலின் திசுக்களுக்குள் ஒருசெல் பாசிகள் குடியிருக்கின்றன. பாசி ஒளிச்சேர்க்கையில் ஆக்கும் சர்க்கரையின் பெரும்பகுதி பவளத்துக்குப் போகிறது. பவளத்தின் கழிவான நைட்ரஜன், பாசிக்கு உரமாகிறது. இந்த வருவாயைக் கொண்டே பவளம் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டுகிறது. ஒளி தேவைப்படுவதால் பாறை கட்டும் பவளங்கள் ஆழத்துக்குப் போக முடியாது. மன்னார் வளைகுடாவில் பவளத்தின் பெரும்பகுதி சில மீட்டர் ஆழத்துக்குள்ளேயே இருக்கிறது.

கூட்டு வாழ்க்கைக்கு ஓர் எல்லையும் உண்டு. சித்திரை, வைகாசியில் நீரின் வெப்பம் 31 பாகை செல்சியஸைத் தாண்டிப் பல நாள் நீடித்தால் பாசியின் ஒளிச்சேர்க்கை குலைந்து, நச்சுத்தன்மையுள்ள உயிர்வளி வேதிகள் பிறக்கின்றன. பவளம் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் இவ்வாறு பெருவெளுப்பு நேர்ந்தது. வெப்பம் விரைவில் தணிந்தால் பாசி மீண்டும் குடியேறும். தணியாவிட்டால் பவளம் பட்டினியால் மடியும். வெப்பத்தோடு மனிதக் கையும் சேர்ந்தது. சுண்ணாம்புக்காகப் பல்லாண்டுகள் பவளம் வெட்டியெடுக்கப்பட்டதால் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள விலாங்குச்சல்லியும் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் நீரில் மூழ்கின. கரைந்துகொண்டிருந்த வான் தீவைக் காக்க, அதன் கடல்முகத்தில் கான்கிரீட்டால் செயற்கைப் பார்கள் இறக்கப்பட்டன. பவளங்கள் 2001-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன.

தீவுக்கும் கரைக்கும் இடைப்பட்ட அமைதியான நீரில் கடற்புல் படர்கிறது. இது பாசியன்று, வேரும் பூவும் உள்ள செடி. நீருக்கடியிலேயே மகரந்தம் பரப்பும் திறன் பெற்றது. இதை மேயும் ஆவுளியா, நுரையீரலால் சுவாசிக்கும் பாலூட்டி. காற்று நிறைந்த நுரையீரல் உடலை மேலே தூக்கும், மேய்ச்சலோ தரையில். ஆவுளியாவின் விலா எலும்புகள் உட்புழையின்றிக் கெட்டியாகவும் கனமாகவும் இருப்பதால் அது முயற்சியின்றித் தரையையொட்டி நிற்கிறது. புல்லில் சத்துக் குறைவு. ஆகவே நாளெல்லாம் மேய வேண்டும். இனப்பெருக்கமும் மெதுவானது. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே கன்று ஈனும். தமிழக அரசு 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆவுளியாவுக்கான நாட்டின் முதல் பாதுகாப்பகமாக அறிவித்ததற்கு இந்த மெதுவான பெருக்கமும் ஒரு காரணம்.

5. முத்தும் சங்கும்: ஒரே ஆழம், இரு வழிகள்

தீவுகளுக்கு வெளியே, சுமார் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில், மணலுக்கிடையே பாறைத்திட்டுகள் உள்ளன. கடலோடிகள் இவற்றைப் பார் என்பர். பாரில் முத்துச்சிப்பி, பாரைச் சூழ்ந்த மணலில் சங்கு. இரண்டும் மெல்லுடலிகள், இரண்டுமே தூத்துக்குடியின் பெயரைப் பழங்காலத்திலிருந்து உலகறியச் செய்தவை. ஆனால் இரண்டும் பரவும் முறை வேறு. அந்த வேறுபாடு இரண்டு தொழில்களின் வரலாற்றையே தீர்மானித்தது.

முத்துச்சிப்பி உறுதியான நூல்களால் பாறையில் தன்னைக் கட்டிக்கொண்டு, செவுளால் நீரைச் சலித்து உண்கிறது. முட்டையும் விந்தும் நீரில் கலந்து உருவாகும் இளவுயிரிகள் ஏறத்தாழ மூன்று வாரம் நீரோட்டத்தின் போக்கில் மிதக்கின்றன. அந்த மூன்று வாரத்தில் நீரோட்டம் அவற்றைப் பார்மேல் சேர்த்தால் இலட்சக்கணக்கில் சிப்பி படியும். ஆழ்கடலுக்கோ மணல்வெளிக்கோ கொண்டுபோனால் அந்தத் தலைமுறையே இல்லை. படிந்த குஞ்சுகளையும் மீன்கள் மேய்கின்றன, மணல் மூடுகிறது. முத்துக்குளிப்பு எக்காலத்திலும் ஆண்டுதோறும் நடைபெறாமல், சில ஆண்டு விளைச்சலும் பல ஆண்டு வெறுமையுமாக இருந்ததற்குக் காரணம் இதுவே. ஆட்சியாளர்கள் குளிப்புக்கு முன் பார்களைச் சோதித்து, முதிர்ந்த சிப்பி இருந்தால் மட்டும் குளிக்க அனுமதித்தனர். தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. அதன்பின் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி தலைமையிலான குழு, தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில் 1973-இல் வளர்ப்பு முத்தை உருவாக்கியது. உள்ளே புகுந்த அயற்பொருளைச் சிப்பி தன் ஓட்டின் உட்பூச்சாலேயே அடுக்கடுக்காகப் பூசி மூடுகிறது. தன் மெல்லுடலைக் காத்துக்கொள்ள அது கையாளும் இந்த முறையே முத்தின் பிறப்பு.

சங்கு மிதக்கும் பருவத்தையே விட்டுவிட்டது. தாய்ச்சங்கு கொம்பு வடிவிலான உறைத்தொகுதியை மணலில் நட்டு வைக்கிறது. உறைக்குள்ளேயே வளர்ச்சி முடிந்து, முழு உருவமுள்ள குட்டிச் சங்காக வெளியே வருகிறது. நீரோட்டத்தில் இழப்பு இல்லை. ஆகவே விளைச்சல் ஓரளவு நிலையாக இருக்கிறது. ஆனால் பிறந்த இடத்தைவிட்டுத் தொலைவில் போக முடியாது. ஓரிடத்தில் வரம்பின்றி அள்ளினால் வேறிடத்திலிருந்து வந்து நிரப்ப ஆளில்லை. சங்கு மண்புழுவினக் கடற்புழுக்களை உண்பது. ஆகவே புழு நிறைந்த நுண்மணலில்தான் அது கிடைக்கும் என்பது குளியாளிகளின் பட்டறிவு. சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் வெளியிட்ட சங்கு பற்றிய ஆய்வு, இத்தகைய பட்டறிவை விரிவாக எழுத்தில் பதித்தது.

குளியாளியின் உடலும் இம்மண்டலத்தின் எல்லையைக் காட்டுகிறது. பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடும். 20 மீட்டரில் மூன்று மடங்கு அழுத்தத்தில் நுரையீரல் காற்று மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். மூச்சடக்கி ஒரு நிமிடத்தையொட்டி வேலை செய்து திரும்பிய அந்த ஆழமே, கருவியின்றி மனிதன் இக்கடலில் தொழில் நடத்திய எல்லை.

6. வெளிச்ச மண்டலம்: ஒளிய இடமில்லாத நீர்வெளி

கரையை விட்டு விலகிய திறந்த கடலில் உயிரின் அடிப்படை, கண்ணுக்குத் தெரியாத மிதவைத் தாவரங்கள். இவை மூழ்கிவிட்டால் ஒளியை இழக்கும். ஆகவே உடலைச் சிறிதாக்கி, முள்ளும் இழையும் வளர்த்து, எண்ணெய்த்துளி சேர்த்து மிதக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்றில் குமரிமுனைப் பகுதியில் அடிநீர் மேலெழும்போது சத்துப்பொருளும் உடன் வருகிறது. மிதவைகள் பெருக, அவற்றைத் தின்னும் சாளைக்கூட்டம் பெருகும். பெருக்கம் அளவு மீறினால் கேடும் உண்டு. 2019 செப்டம்பரில் மண்டபம் பகுதியில் நாக்டிலூகா என்னும் ஒருசெல் உயிரி பெருகிக் கடல் பச்சையாகி, உயிர்வளி குறைந்து, மீன்கள் செத்து ஒதுங்கின.

திறந்த நீரில் மறைவதற்குப் பாறையோ புல்லோ இல்லை. சாளை, சூரை ஆகியவற்றின் முதுகு கருநீலம், வயிறு வெள்ளி. மேலிருந்து பார்க்கும் பறவைக்கு முதுகு ஆழ்நீரோடு கலந்துபோகும். கீழிருந்து பார்க்கும் மீனுக்கு வயிறு வெளிச்சத்தோடு கலந்துபோகும். சூரையின் உடலமைப்பு வேகத்துக்கானது. அதன் தசைகளில் சூடான இரத்தக்குழாயும் குளிர்ந்த இரத்தக்குழாயும் அருகருகே எதிரெதிர்த் திசையில் ஓடுவதால் வெப்பம் வெளியே போகாமல் உடலுக்குள்ளேயே திரும்புகிறது. சூழ்ந்த நீரைவிடச் சூடான தசை விரைந்து இயங்கும். அதற்கு விலையாக, சூரை வாயைத் திறந்தபடி நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளுக்கு நீர் கிடைக்கும். நின்றால் மூச்சு முட்டும்.

7. அந்தி மண்டலம்: ஒளியே ஆயுதம்

நீர் முதலில் விழுங்குவது சிவப்பு ஒளியை. சில பத்து மீட்டரிலேயே அது மறைகிறது. நெடுந்தொலைவு இறங்குவது நீலம் மட்டுமே. 200 மீட்டருக்குக் கீழே ஒளிச்சேர்க்கைக்குப் போதுமான ஒளி இல்லை. 1,000 மீட்டருக்குக் கீழே சூரியஒளியே இல்லை. வெப்பமும் இவ்வடுக்கில் வேகமாகச் சரிகிறது. அரபிக்கடலிலும் வங்கக்கடலிலும் இந்த ஆழத்தின் பெரும்பகுதியில் உயிர்வளியும் மிகக் குறைவு. மேலிருந்து விழும் கரிமப்பொருள் மட்கும்போது அதைத் தின்றுவிடுகிறது.

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் ஆழ்கடல் இழுவைப் படகுகள் இறக்கும் இறால்களைப் பார்த்தால், கரையோர இறாலைப் போல் நரைத்திராமல், வேகவைக்கும் முன்பே செக்கச் சிவந்திருக்கும். 200 முதல் 500 மீட்டர் ஆழத்தில் பிடிபடுபவை அவை. வெயிலில் பளிச்சென்று தெரியும் இந்த நிறம், சிவப்பொளி எட்டாத ஆழத்தில் கறுப்பாகிவிடும். நீலஒளி பட்டாலும் அது திருப்பி அனுப்பாது. இவ்வினங்களுள் ஒன்றான அரிஸ்டியஸ் அல்கோக்கி, இன்வெஸ்டிகேட்டர் என்ற ஆய்வுக்கப்பலில் இந்தியக் கடல்களின் ஆழத்தை ஆராய்ந்த மருத்துவர் ஆல்ஃபிரட் அல்காக்கின் பெயரைத் தாங்கியது.

இம்மண்டலத்தின் உயிர்களில் மிகப்பல தாமே ஒளி உண்டாக்குபவை. மத்தாப்பில் ஸ்ட்ரான்சியம் உப்பு சிவப்பையும் பேரியம் உப்பு பச்சையையும் தருவதற்குப் பெருவெப்பம் வேண்டும். ஆழ்கடல் உயிரின் ஒளிக்கு வெப்பமே வேண்டியதில்லை. லூசிஃபெரின் என்ற பொருள், லூசிஃபெரேஸ் என்ற நொதியின் துணையால் உயிர்வளியோடு சேரும்போது, ஆற்றல் சூடாக வீணாகாமல் ஒளியாகிறது. பெரும்பாலும் அது நீலமே. நீரில் நெடுந்தூரம் செல்லும் நிறம் அதுதான். சில இறால்கள் ஒளிரும் நீரை எதிரியின் முகத்தில் உமிழ்ந்து தப்புகின்றன. விளக்குமீன்களின் வயிற்றுப்புறத்தில் வரிசையாக ஒளிப்புள்ளிகள் உள்ளன. மேலிருந்து வரும் மங்கலான ஒளியின் அளவுக்கே அவை ஒளிர்வதால், கீழிருந்து பார்க்கும் எதிரிக்கு மீனின் நிழல் தெரிவதில்லை. விதிவிலக்காக, ஒருவகைக் கறுப்பு மீன் சிவப்பொளியை உண்டாக்கவும் காணவும் வல்லது. பிறவற்றுக்குத் தெரியாமல் இரையைத் தேட அது உதவுகிறது.

விளக்குமீன்கள் பகலில் சில நூறு மீட்டர் ஆழத்தில் கிடந்து, இரவில் உணவு தேடி மேலே வருகின்றன. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் எதிரொலிக் கருவிகள் நடுக்கடலில் பொய்த்தரை ஒன்றைக் காட்டின; அது மாலையில் எழுந்து காலையில் இறங்கியது. பின்னர் அது இத்தகைய உயிர்க்கூட்டமே எனத் தெரிந்தது. உயிர்வளி குறைந்த ஆழத்தில் பகலைக் கழிப்பதும் ஒரு தற்காப்பு. விரைந்து நீந்தும் சூரையால் அங்கே நெடுநேரம் தங்க முடியாது.

மன்னார் வளைகுடாவின் மறுகரையான கற்பிட்டிக்கு அப்பால் காணப்படும் எண்ணெய்த் திமிங்கலம், மேலே மூச்செடுத்து ஆயிரம் மீட்டருக்கும் கீழே வேட்டையாடுவது. அது காற்றை நுரையீரலில் தேக்குவதில்லை; தசையிலுள்ள மயோகுளோபினிலும் இரத்தத்திலும் உயிர்வளியைச் சேமிக்கிறது. ஆழத்தில் நுரையீரல் மடங்கிவிடுவதால் நைட்ரஜன் இரத்தத்தில் கரையும் ஆபத்தும் குறைகிறது.

8. இருளும் பேராழமும்: பசியும் அழுத்தமும்

ஆயிரம் மீட்டருக்குக் கீழே பருவம் இல்லை, பகல் இல்லை. வெப்பம் சில பாகைகளே. மேலிருந்து விழும் மட்கிய துகள்களே பொதுவான உணவு. அதிலும் பெரும்பகுதி வழியிலேயே தீர்ந்துவிடும். ஆகவே உயிர்கள் செலவைக் குறைக்கின்றன. தசை தளர்ந்து நீர் மிகுந்திருக்கும், எலும்பு மெலிந்திருக்கும், வாயும் வயிறும் மட்டும் பெரிதாக இருக்கும். கிடைத்த இரை தன்னைவிடப் பெரிதானாலும் விடக்கூடாது. துணை கிடைப்பதும் அரிது. தூண்டில்மீன்களில் சில இனங்களின் சிறிய ஆண், பெண்ணைக் கண்டதும் கடித்து ஒட்டிக்கொண்டு, இரத்தக்குழாயும் ஒன்றாகி, அதன் உடலுறுப்பாகவே மாறிவிடுகிறது.

6,000 மீட்டரில் அழுத்தம் கரையிலிருப்பதைப்போல் ஏறத்தாழ 600 மடங்கு. நீர் நிறைந்த உடல் நசுங்குவதில்லை. காற்றுப்பை இருந்தால்தான் சிக்கல். உண்மையான தாக்குதல் மூலக்கூறுகளில் நடக்கிறது. அழுத்தம் புரதங்களின் வடிவத்தைக் குலைக்கும். உயிரணுச் சவ்வுகளை விறைக்கச் செய்யும். ஆழ்கடல் மீன்கள் சவ்வுகளில் நெகிழும் கொழுப்பைக் கூட்டுகின்றன. டிஎம்ஏஓ என்ற பொருளைத் தசையில் சேர்த்துப் புரதங்களைத் தாங்குகின்றன. மீனுக்குக் கவிச்சி வாடையைத் தரும் வேதிப்பொருள் இதிலிருந்தே பிறக்கிறது. ஆழம் கூடக்கூட இதன் அளவும் கூட வேண்டும். ஏறத்தாழ 8,200 மீட்டரில் உடல்நீரின் செறிவு கடல்நீரை எட்டிவிடும் என்பதால் அதையொட்டியே மீனின் எல்லை எனக் கணிக்கப்பட்டது. 2022-இல் ஜப்பானை அடுத்த அகழியில் 8,336 மீட்டரில் நத்தைமீன் ஒன்று படமெடுக்கப்பட்டது. அதற்குக் கீழும், 11,000 மீட்டரை நெருங்கும் மரியானா அகழியின் அடிவரை, இறாலையொத்த சிற்றுயிர்களும் நுண்ணுயிர்களும் வாழ்கின்றன.

சூரியனைச் சாராத உயிர்வாழ்க்கையும் இங்கே உண்டு. 1977-இல் கலாபகோஸ் அருகே வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிக் குழாய்ப்புழுக்கள் அடர்ந்திருக்கக் காணப்பட்டன. அவற்றுக்கு வாயும் குடலும் இல்லை; ஹைட்ரஜன் சல்ஃபைடிலிருந்து ஆற்றல் பெறும் பாக்டீரியாக்கள் உடலுக்குள்ளிருந்து ஊட்டுகின்றன. இந்தியப் பெருங்கடலின் கைரே ஊற்றில் 2001-இல் கண்டறியப்பட்ட செதில்கால் நத்தை, இரும்பு சல்ஃபைடு படிந்த செதில்களை அணிந்தது.

சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் மூவரை 6,000 மீட்டருக்குக் கொண்டுசெல்ல மத்ஸ்யா 6000 என்ற கலத்தை உருவாக்கிவருகிறது. அதில் மனிதர் அமரும் பகுதி, 2.1 மீட்டர் விட்டமும் 80 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள டைட்டானியக் கலவைக் கோளம். ஆழ்கடல் மீன் மூலக்கூறளவில் தீர்த்துக்கொண்ட சிக்கலை மனிதன் உலோகத்தால் தீர்க்க வேண்டியிருக்கிறது.

9. மண்டலத்துக்கேற்ற பாதுகாப்பு

தகவமைப்பின் வேறுபாடு, மீளும் காலத்தின் வேறுபாடுமாகும். உரித்தெடுத்த பாறையில் கொட்டலசு சில மாதங்களில் மீண்டும் படியும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இழுவைப் படகுகளைத் தடுப்பது, விரைந்து பெருகும் மீனுக்கும் இறாலுக்கும் பயன்படும். முத்துச்சிப்பிக்கு நல்ல நீரோட்டமுள்ள ஆண்டு வாய்க்க வேண்டும். சங்குக்குத் தாய்ச்சங்குகளை அதே மணலில் விட்டுவைக்க வேண்டும். பவளத்துக்குப் பத்தாண்டுகளும், ஆவுளியாவுக்கு மனிதத் தலைமுறைகளும் தேவை.

ஆழம் கூடக்கூட இந்தக் காலம் நீள்கிறது. மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையில் இந்தியாவுக்கு ஆய்வுரிமையுள்ள 75,000 சதுர கிலோமீட்டரில், 5,000 மீட்டரையொட்டிய ஆழத்தில் மாங்கனீசு, நிக்கல், கோபால்ட், செம்பு அடங்கிய உலோகமுண்டுகள் கிடக்கின்றன. ஒரு முண்டு பத்து இலட்சம் ஆண்டுகளில் சில மில்லிமீட்டரே வளர்கிறது. மென்சேறு பரந்த அத்தரையில் ஒட்டி வாழும் பல உயிர்களுக்கு அந்த முண்டே பாறை. அதை எடுத்துவிட்டால் வாழிடமும் போய்விடும். செதில்கால் நத்தை, ஆழ்கடல் சுரங்கத்தால் நேரும் அபாயம் காரணமாக 2019-இல் அழிவுநிலைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கரைக்கடலில் தடைக்காலத்தை நாள்கணக்கில் வகுப்பது போதுமானது. பேராழத்தில் எடுத்ததைத் திரும்ப வளர்க்கும் காலம் எந்த அரசின் திட்டக் காலத்துக்குள்ளும் அடங்காது. ஆகவே அங்கே எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு முன், எந்தப் பரப்பைத் தொடாமல் விடுவது என்பதே முதலில் முடிவாக வேண்டியது.